பக்கத்து இலை

மூன்று வருடங்களுக்கு முன்பு, கல்வி உதவித்தொகை நிலுவையைக் கேட்டுத் திண்டுக்கல்லில் ஒரு நாள் உண்ணாவிரதம் இருந்தோம். காலை பத்து மணிக்குப் பந்தலில் அறுபது பேர் உட்கார்ந்தோம். மதியம் இரண்டு மணிக்கெல்லாம் பாதிப் பேர் பந்தலுக்குப் பின்னால் போய் டீ குடித்துவிட்டு வந்தார்கள். வெயில் அப்படி. ஒரு தங்கை மட்டும் இடத்தைவிட்டு அசையவில்லை. பி.காம். இரண்டாமாண்டு, வேடசந்தூர் பக்கத்துச் சேரி, அம்மா நூற்பாலையில் வேலை. மாலை ஐந்து மணிக்கு எலுமிச்சைச் சாறு கொடுத்து முடித்துவைத்தோம். அவள் டம்ளரை வாங்கிக் கையில் வைத்திருந்தாள், குடிக்கவில்லை. "பாருங்க தோழர்களே, இதுதான் உறுதி" என்று எங்களில் ஒருவர் மைக்கில் சொன்னார். கைதட்டினோம். படம் எடுத்துப் போட்டோம். நிறையப் பேர் பகிர்ந்தார்கள்.

நான்காம் நாள் அவள் பேருந்து நிலையத்தில் மயங்கி விழுந்தாள்.

அரசு மருத்துவமனையில் அன்று பணியில் இருந்தவர் ஒரு இளம் மருத்துவர். எங்களை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு அவளிடம் வெகு நேரம் பேசினார். பிறகு அவள் சம்மதத்தோடு எங்களைக் கூப்பிட்டுச் சொன்னார். ரத்தத்தில் பொட்டாசியம் இறங்கிக் கிடக்கிறது, இதயத் துடிப்பே தடுமாறலாம். ஒன்றரை வருடமாக இந்தப் பிள்ளை பகலில் சாப்பிடுவதில்லை, இரவில் சாப்பிட்டதை வாந்தி எடுக்கிறாள். சொல்லி முடித்துவிட்டு, "இவளையா உண்ணாவிரதத்துல உக்கார வச்சீங்க?" என்றார். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எதிர்த்துப் பேசியிருப்போம்.

இதை எழுத அவளிடம் கேட்டோம். எழுதியதைப் படித்துச் சில வரிகளை அடித்தாள். மீதிதான் இங்கே இருக்கிறது.

அம்பேத்கரைப் படித்தவர்கள் நாங்கள். 1932 செப்டம்பரில் எரவாடா சிறையில் காந்தி பட்டினி கிடந்து, தனி வாக்காளர் தொகுதியை எப்படிக் கைவிட வைத்தார் என்று ஒவ்வொரு வருடமும் செப்டம்பர் 24-ஆம் தேதி கூட்டம் போட்டுப் பேசுகிறோம். பட்டினியை ஆயுதமாக ஒருவர் தூக்கும்போது அது யார் கழுத்தில் விழும் என்று எங்களுக்குத் தெரியும். தெரிந்தும், அதிகம் தாங்குகிறவரே பெரிய போராளி என்ற எண்ணம் எங்களுக்குள் ஊறிக் கிடந்தது. நோய் கண்முன்னே பந்தலில் உட்கார்ந்திருந்தது, அதற்குக் கைதட்டினோம்.

ஈட்டிங் டிஸார்டர் என்பதைத் தமிழில் உண்ணுதல் கோளாறு என்று எழுதுகிறார்கள். ஊரில் அதற்குப் பெயர் கிடையாது. "பிள்ளைக்குச் சோறு எறங்க மாட்டேங்குது" என்பார்கள். மந்திரித்துக் கயிறு கட்டுவார்கள். அவளுக்கும் இரண்டு கயிறு கட்டியிருந்தது. பணக்கார வீட்டுப் பெண்கள் ஒல்லியாக ஆசைப்பட்டு வரவழைத்துக்கொள்ளும் நோய் என்றுதான் நாங்களும் நினைத்திருந்தோம். தேடிப் படித்த பிறகு வேறு விஷயங்கள் தெரிந்தன. 1990-களிலேயே சென்னையில் மனநல மருத்துவர்கள் மருத்துவ மாணவர்களிடம் இதை ஆராய்ந்து, மேல்நாட்டுப் புத்தக வரையறைக்குள் அடங்காத ஓர் 'உண்ணுதல் அவதி' இங்கே இருப்பதாக எழுதியிருக்கிறார்கள். அதே காலத்தில் ஹாங்காங்கில் சிங் லீ என்ற மருத்துவர், குண்டாகிவிடுவோம் என்ற பயமே இல்லாமல், வயிறு உப்புகிறது, பசிக்கவில்லை என்று மட்டும் சொல்லி மெலிந்துபோன பெண்களைப் பற்றி எழுதினார். அதைப் படித்தபோது வேடசந்தூர் பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்துவரும் பெண்களைப் பற்றிப் படிப்பது போலவே இருந்தது.

இன்னொன்றும் படித்தோம். இரண்டாம் உலகப்போரின் கடைசியில் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில், போருக்குப் போக மறுத்த 36 இளைஞர்கள் தாங்களாகவே முன்வந்து ஆறு மாதம் அரைப்பட்டினி கிடந்தார்கள். எல்லாரும் ஆரோக்கியமானவர்கள். பட்டினி முற்ற முற்ற அவர்களுக்குச் சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பில்லாமல் போனது. தட்டில் இருப்பதைத் துணுக்குத் துணுக்காக்கி மணிக்கணக்கில் தின்றார்கள், சமையல் குறிப்பு சேர்த்தார்கள். பரிசோதனை முடிந்தபின் சிலரால் சாப்பிடுவதை நிறுத்த முடியவில்லை. பட்டினியே மனதைத் திருகும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? வறுமை இருக்கும் இடத்தில் இந்த நோய் வராது என்று சொல்கிறவர்களுக்கு இப்போது இதைத்தான் சொல்கிறோம்.

வராது என்று நினைப்பதால்தான் கண்ணிலும் படுவதில்லை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை. அப்படிப்பட்ட ஊரில் ஒரு சேரிப் பெண் மெலிந்திருந்தால் யார் சந்தேகப்படுவார்கள்? இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து அனுப்புவார்கள். வாந்தி எடுப்பவர்களில் பலர் மெலிவதே இல்லை என்பதால் அவர்களை யாரும் கேட்பதுகூடக் கிடையாது.

அவளுக்கு எங்கே தொடங்கியது? ஒரே காரணத்தை அவளே சொல்வதில்லை. வீட்டில் கல்யாணப் பேச்சு இருந்தது. கட்டணம் கட்டாததால் வகுப்பில் எழுந்து நின்ற நாட்கள் இருந்தன. ஆனால் தேதியோடு நினைவிருப்பது ஒரு மதியவேளை. அம்மா முந்தின நாள் வைத்த மாட்டுக்கறி மிச்சத்தைச் சோற்றோடு கட்டிக்கொடுத்திருந்தார். டப்பாவைத் திறந்ததும் பக்கத்தில் இருந்தவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இன்னொருத்தி, "உங்களுக்குல்லாம் நல்லா எறங்கும்ல" என்றாள். பெரிய சண்டை எதுவும் நடக்கவில்லை. அன்றுமுதல் இவள் டப்பா கொண்டுபோகவில்லை. பகல் முழுக்கப் பட்டினி, இரவு வீட்டில் கண்மண் தெரியாமல் சாப்பாடு, பிறகு கொல்லைப்பக்கம். "சாப்புடுற என்னைய யாரும் பாக்கக் கூடாதுக்கா" என்று பின்னொரு நாள் சொன்னாள்.

மருத்துவமனையில் உப்புச்சத்தைச் சரிசெய்து, மாதம் ஒருமுறை மனநலப் பிரிவுக்கு வரச் சொல்லி அனுப்பினார்கள். சரியான சிகிச்சைதான். ஆனால் மாதத்துக்கு ஒருமுறை பத்து நிமிடம் மருத்துவரிடம். தொண்ணூறு வேளைச் சாப்பாடு வீட்டிலும் கல்லூரியிலும். அந்தத் தொண்ணூறு வேளையும் பக்கத்தில் யார் உட்காருவது?

முதலில் நாங்கள் உட்கார்ந்தோம், எல்லாவற்றையும் தப்பாகச் செய்தோம். "இன்னும் ரெண்டு வாய்" என்று கெஞ்சினோம். தட்டில் மிச்சம் எவ்வளவு என்று எட்டிப் பார்த்தோம். எங்களில் ஒருவர், "நம்ம ஜனம் சோறில்லாமச் செத்துருக்கு, நீ சோத்தை வீணாக்குற" என்று சொல்லிவிட்டார். அரசியல் பேசுவதாக நினைத்துக்கொண்டு சொன்னது. அவள் அன்று முழுவதையும் சாப்பிட்டாள். அன்றிரவு முழுவதும் வாந்தி எடுத்தாள்.

பிறகுதான் அந்த அக்கா வந்தார். தங்கையின் அம்மாவோடு வேலை பார்த்தவர். பதினாறு வயதில் மூன்று வருட ஒப்பந்தத்தில், கல்யாணத்துக்குப் பணம் தருகிறோம் என்ற பேச்சை நம்பி, ஒரு ஆலை விடுதிக்குப் போனவர். சாப்பாட்டு வேளை அரை மணி நேரம். அதில் தட்டுக்கு ஒரு வரிசை, கை கழுவ ஒரு வரிசை. அங்கே தொடங்கியது அவருக்கு. தொண்டையில் பஞ்சு அடைத்திருக்கிறது என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாராம். பஞ்சாலையில் அதை யார் நம்பாமல் இருப்பார்கள்? அவருமே நம்பினார். ஏழெட்டு வருடம் அப்படிப் போய், பிள்ளை பெற்ற பிறகு ஒரு கிராமச் செவிலியர் விடாமல் நச்சரித்து மருத்துவரிடம் கூட்டிப்போனதில் மீண்டவர்.

அக்கா முதல் நாளே எங்களைத் திருத்தினார். "சாப்புட்டியான்னு கேக்காதீங்க. நான் சாப்புடப் போறேன், கூட உக்காருன்னு சொல்லுங்க." தட்டைப் பார்க்கக் கூடாது. மெலிஞ்சிட்ட என்றும் சொல்லக் கூடாது, பூசினாப்ல நல்லா இருக்க என்றும் சொல்லக் கூடாது. இரண்டாவது இன்னும் மோசம். சாப்பாட்டைப் பற்றித் தவிர வேறு எதையும் பேசலாம். சீரியல், பேருந்து, ஊர்வம்பு. முக்கியமாக, சாப்பிட்டு முடித்ததும் எழுந்து போகக் கூடாது, அரை மணி நேரம் கூடவே இருக்க வேண்டும். அந்த அரை மணி நேரத்தில்தான் கொல்லைப்பக்கம் போகத் தோன்றும் என்பது நாங்கள் படித்த எதையும்விட அக்காவுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. சோறு எங்கெங்கே ஒளிக்கப்படும் என்றும் தெரியும். துப்பட்டா முனையில் முடிச்சு இருந்தால் அதைப் பார்த்துச் சிரிப்பார், அவிழ்க்கச் சொல்ல மாட்டார். "நானும் அங்கதான் வைப்பேன்" என்பார். தங்கை முதன்முறையாகச் சத்தமாகச் சிரித்தது அப்போதுதான்.

பியர் சப்போர்ட் என்று இதற்குப் பெயர். அந்த நோயை அனுபவித்து மீண்டவர், அதில் இருப்பவருக்குத் துணை நிற்பது. இங்கிலாந்தின் பொது மருத்துவச் சேவையில் இதைச் சம்பள வேலையாகவே வைத்திருக்கிறார்கள். நாங்கள் 'பக்கத்து இலை' என்று சொல்ல ஆரம்பித்தோம். வேடிக்கையாக வைத்த பெயர்தான். ஆனால் நம் வரலாற்றில் பக்கத்து இலை சின்ன விஷயமா? 1920-களில் சேரன்மாதேவி குருகுலத்தில் பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி போட்டது தமிழ்நாட்டு அரசியலையே இரண்டாகப் பிளந்தது. 2018-இல் திருப்பூர் மாவட்டத்தில் சத்துணவுச் சமையலர் பாப்பாள் அருந்ததியர் என்பதற்காக அவர் சமைத்ததைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க விடாமல் பள்ளியை முற்றுகையிட்டார்கள். யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது என்பதில் நூறு வருடச் சண்டை இருக்கிறது. ஒரு பெண் டப்பாவைத் திறக்கப் பயப்படுவதை அந்தச் சண்டைக்கு வெளியே வைத்து எங்களால் பார்க்க முடியவில்லை. அதற்காக நோயை அரசியலாக மட்டும் பார்ப்பதும் தப்பு. பொட்டாசியத்துக்குச் சாதி தெரியாது, மருத்துவர் வேண்டும். மயக்கம், நெஞ்சுப் படபடப்பு, தண்ணீர்கூடத் தங்காத வாந்தி என்றால் பேசிக்கொண்டிருக்காமல் மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். பல நாள் பட்டினி கிடந்தவரை ஒரேயடியாக நிறையச் சாப்பிட வைக்காதீர்கள். ரத்தத்தில் உப்புகள் சட்டென்று சரிந்து உயிருக்கே ஆபத்தாகும், மருத்துவர் கண்காணிப்பில்தான் மெல்லக் கூட்ட வேண்டும்.

இனி எங்கள் இரண்டாவது தப்பு. அக்கா வாரம் மூன்று நாள் வந்தார். ஒரு பெண் மூன்று பெண்களானார்கள், ஐந்து மாதம் ஓடியது. ஷிப்ட் மாற்றிக்கொண்டு, சில நாள் கூலியை விட்டுவிட்டு, சொந்தக் காசில் பேருந்து ஏறி வந்தார். நாங்கள் அவருக்குப் பேருந்துக் காசுகூடக் கொடுக்கவில்லை. தோழமை, அதற்கு என்ன காசு என்று நினைத்தோம். ஒரு நாள், "நான் ரெண்டு வாரம் வரலப்பா" என்றார். கேட்டதற்கு, "மத்தியானம் எனக்கே எறங்கல" என்றார். மூன்று பெண்களின் கதையையும் கேட்டுக் கேட்டு அவருடைய பழைய நோய் திரும்பத் தலைகாட்டியிருந்தது. அவர் பக்கத்தில் யார் உட்காருவது என்று நாங்கள் ஒருமுறைகூட யோசிக்கவில்லை. சேரிப் பெண்ணின் உழைப்பை இலவசமாக வாங்கிக்கொள்ள ஆதிக்க சாதி மட்டும் பழகவில்லை, இயக்கமும் பழகியிருக்கிறது.

இதே மாவட்டத்தில் இதற்கு ஒரு முன்மாதிரி இருந்தது. 2021 ஜனவரியில், ஆயத்த ஆடைத் தொழிற்சாலைத் தொழிலாளியும் தலித் பெண்ணுமான ஜெயஸ்ரீ கதிரவேல் கொல்லப்பட்டார். வேலையிடத்து மேற்பார்வையாளர் கைதானார். தலித் பெண்கள் தலைமை தாங்கும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் அதை ஒரு கொலை வழக்காக மட்டும் விட்டுவிடவில்லை. 2022 ஏப்ரலில் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ், எச் அண்ட் எம் நிறுவனங்களோடு ஒப்பந்தம் போட்டது. கேப், பிவிஎச் நிறுவனங்களும் பிறகு சேர்ந்தன. திண்டுக்கல் ஒப்பந்தம் என்று உலகம் முழுக்க அதற்குப் பெயர். அதில் எங்களுக்குப் பிடித்த பகுதி, தொழிலாளர்களிலிருந்தே பயிற்சி பெற்ற கண்காணிப்பாளர்களை உற்பத்தித் தளத்தில் வைத்தது. பக்கத்துத் தையல் மெஷினில் இருப்பவளிடம் சொன்னால் போதும், அவள் சங்கத்திடம் கொண்டுபோவாள், அதற்காக அவளைப் பழிவாங்கக் கூடாது என்று எழுத்தில் இருந்தது. முதல் ஆண்டில் நூற்றுக்கும் மேற்பட்ட புகார்கள் வந்து பெரும்பாலானவை தீர்ந்தன. அதுவும் பக்கத்து இலைதான். ஆனால் அந்த இலைக்குப் பின்னால் சங்கம் இருந்தது, கையெழுத்து இருந்தது. எங்கள் அக்காவுக்குப் பின்னால் எங்கள் பாராட்டு மட்டும் இருந்தது.

இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவைப் பாருங்கள். அங்கே உண்ணுதல் கோளாறுகளுக்கான தேசியச் சங்கம் இருபது வருடத்துக்கு மேல் ஒரு தொலைபேசி உதவி எண் நடத்தியது. அதில் பேசியவர்களில் பலர் தாங்களே நோயிலிருந்து மீண்டவர்கள். பணிச்சுமை தாங்காமல் ஊழியர்கள் தொழிற்சங்கம் அமைத்தார்கள். 2023-இல் உதவி எண்ணையே மூடுவதாக நிர்வாகம் அறிவித்தது. 'டெஸ்ஸா' என்ற கணினி அரட்டை நிரல் இருக்கிறதே என்றார்கள். அந்த டெஸ்ஸா, உதவி தேடி வந்தவர்களுக்குக் கலோரியைக் குறைக்கவும் எடை பார்த்துக்கொள்ளவும் யோசனை சொன்னது. மே மாதக் கடைசியில் அதையும் நிறுத்த வேண்டியதாயிற்று.

அக்கா ஆறு வாரம் கழித்து வந்தார். இப்போது இருவர் இருவராகத்தான் போகிறோம். வருகிற நாளுக்குக் கூலியும் பேருந்துக் காசும் உண்டு, உறுப்பினர் சந்தாவிலிருந்து. போதாது, ஆனால் தவறுவதில்லை. காரணம் சொல்லாமல் விடுப்பு எடுக்கலாம். அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார எங்களில் ஒருவர் போகிறார்.

இதை நான்கு பேர் சந்தா போட்டு நடத்துவது தீர்வில்லை என்று தெரியும். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சையை உரிமை என்கிறது. அதன் மறுஆய்வு வாரியங்களில் நோயை அனுபவித்தவர்களோ பராமரிப்பவர்களோ அவர்களுக்கான அமைப்பினரோ உட்கார இரண்டு இடம் இருக்கிறது. 14416 என்ற எண்ணில் இலவசமாகத் தமிழில் பேசலாம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுய உதவிக் குழுப் பெண்களை ஊதியம் கொடுத்து வீடு வீடாக அனுப்ப முடிகிற அரசால், மாவட்ட மனநலத் திட்டத்தில் மீண்டு வந்தவர்களை வேலைக்கு வைக்க முடியாதா? மாணவர் விடுதிகளிலிருந்து தொடங்கலாம். விடுதியில் சோறு சரியில்லை என்று மனு கொடுக்கும்போதே, சாப்பிட முடியாத பிள்ளைகளுக்கு என்ன வழி என்றும் ஒரு வரி சேர்த்து எழுதுங்கள், நாங்கள் எழுதுகிறோம்.

உண்ணாவிரதத்தை விட்டுவிட்டோம். இந்த வருடமும் உதவித்தொகை நிலுவைதான். சமைத்துச் சாப்பிடும் போராட்டம் அறிவித்தோம். சாலையில் அடுப்பு மூட்டக் கூடாது என்று போலீஸ் ஒரு மணி நேரம் தகராறு செய்தது. கடைசியில் ஓரமாக மூன்று கல் வைத்துத் தக்காளிச் சோறு கிண்டினோம், அடி பிடித்துவிட்டது. தங்கை தாமதமாகத்தான் வந்தாள், கையில் வீட்டிலிருந்து ஒரு டப்பாவோடு. அக்கா பக்கத்தில் உட்கார்ந்து திறந்தாள். உள்ளே என்ன இருந்தது, எவ்வளவு சாப்பிட்டாள் என்று எங்களுக்குத் தெரியாது, நாங்கள் பார்ப்பதில்லை. பாத்திரங்களைக் கழுவி ஏற்றி, பேனரைச் சுருட்டிய பிறகும் இரண்டு பேரும் அதே இடத்தில்தான் உட்கார்ந்திருந்தார்கள். வேடசந்தூருக்குக் கடைசி வண்டி ஒன்பதே முக்காலுக்கா பத்து மணிக்கா என்று சண்டை போட்டுக்கொண்டு.